ஆளைப் பார்த்து வைக்கிற எண்

ஜாகிர் பாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். மூலக்குளத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய எங்கள் காம்ப்ளெக்ஸில் அவருடைய நூர் ஸ்டூடியோவுக்கும் என்னுடைய லதா கிராஃபிக்ஸுக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் மேசை ஆடும். அதனால் இங்கே நான் எழுதுவது எதுவும் யாரோ சொல்லிக் கேட்டது இல்லை. பாதி என் கண்ணால் பார்த்தது, மீதி அந்தத் தடுப்பு வழியாக வந்தது.

பேனர், விசிட்டிங் கார்டு, காதுகுத்துப் பத்திரிகை, இதுதான் என் பிழைப்பு. அவருக்குப் பாஸ்போர்ட் போட்டோவும் பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கொடுப்பதும். அவருடைய அத்தா அப்துல் கஃபார் பெரிய மார்க்கெட் பின்னால் ஒரு சந்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஃபிலிம் காலத்தில் பாகூரிலிருந்து மரக்காணம் வரை கல்யாணங்களுக்குப் போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள், முதலில் அத்தா, பிறகு மகன். அத்தா ஒரு நெகட்டிவைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. ஊர்ப் பெயர் எழுதி பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்தார். அவர் காலமானதும் ஜாகிர் பாய் வாடகை குறைவாக இருக்கிறதென்று இந்தப் பக்கம் வந்தார். டின்களும் கூட வந்தன.

எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு ஸ்டூடியோக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். இவருக்கு மட்டும் பிரான்சு கைகொடுத்தது. அங்கே போய்க் குடியேறிய சொல்தா வீட்டுப் பிள்ளைகள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வாரிசுகள், லீவில் வரும்போது வீட்டுப் பரணில் கிடந்த நெகட்டிவ்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பாய் ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கினார். அதற்குப் பிறகு அவர் பேச்சு இன்னும் நீண்டுவிட்டது.

இந்த ஸ்கேனர் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நெகட்டிவில் ஒரு படம் தீப்பெட்டியைவிடச் சின்னது. அதை எத்தனை புள்ளிகளாக நறுக்கிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புவது என்று ஸ்கேன் செய்பவர் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அறுநூறில் தொடங்கி நாலாயிரத்து எண்ணூறு வரை போகும். சின்ன எண் என்றால் ஒரு மடக்கு டீ குடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். போனில் பார்க்க அது போதும், பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகக் கலைந்துபோகும். பெரிய எண் வைத்தால் நுணுக்கம் எல்லாம் வரும், ஆனால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், டீ ஆறிப்போகும்.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? படத்தில் எது வேண்டும், அதை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கேட்டு எண்ணை வைப்பான். ஜாகிர் பாய் ஆளைப் பார்த்து வைப்பார். கடை வாசலில் செருப்பு கழற்றும்போதே கணக்குப் போட்டுவிடுவார். பாரிஸ் செண்ட் வாசனை வந்தால் நாலாயிரத்து எண்ணூறு. ஆபீஸ் பை மாட்டியிருந்தால் பாதி. லுங்கி கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தவர் என்றால் அறுநூறு. "அவங்க வாட்ஸ்அப்ல பாத்துட்டு அழிச்சிடப் போறாங்க லதா, அதுக்கு எதுக்கு மிஷின சாவடிக்கணும்?" என்பார். எனக்குக் கடுப்பாக வரும். அவருடைய கடை, அவருடைய மிஷின் என்று வாயை மூடிக்கொள்வேன்.

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நோன்புக் கஞ்சி வந்தால் முதல் தூக்கு எனக்குத்தான். என் பெண்ணுக்கு ஜுரம் கண்டபோது கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அவர். ஆளை எடைபோடுகிற அந்தப் பார்வை ஒன்றுதான் கோணல். அவர் சம்சாரம் தஹ்ஸீனும் இதையேதான் சொல்லித் திட்டுவார்.

போன மார்கழியில் நடந்தது இது. கடலோரத்துப் பிள்ளைச்சாவடிக்காரர்கள் வருஷா வருஷம் என்னிடம்தான் சுனாமி நினைவஞ்சலி பேனர் அடிப்பார்கள். கடல் கொண்டுபோனவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். பழைய ஃபைலைத் திறந்து வருஷத்தை மாற்றுவதோடு என் வேலை முடிந்துவிடும். வழக்கமாக வருகிற கலியமூர்த்திக்கு முழங்கால் ஆபரேஷன். அவருக்குப் பதிலாக ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதைத் தொட்டிருப்பார், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தார். காலிக் கூடையைக் கடை வாசலில் கவிழ்த்துவிட்டு, ஈரப் புடவையைப் பிழிந்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். பெயர் தனக்கொடி.

படங்களைச் சரிபார்க்கச் சொல்லி ஸ்க்ரீனை அவர் பக்கம் திருப்பினேன். அந்த வரிசையில் ஒரே ஒரு கட்டத்தில் முகம் கிடையாது. படம் கிடைக்காதவர்களுக்கு வைக்கிற அகல்விளக்கை அங்கே வைத்திருந்தேன். கீழே 'செல்வி கலைவாணி' என்று பெயர். எத்தனையோ வருஷமாக அந்த விளக்கை நானே நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறேன், யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தனக்கொடி அதன்மேல் விரலை வைத்தார். "இந்த வெளக்குதான் எம் பொண்ணு," என்றார்.

வீட்டோடு எல்லாப் படமும் போய்விட்டது, பிள்ளைக்கு அப்போது ஆறு வயது என்று அவரே சொன்னார். அந்த நேரம் பார்த்து செல்லோடேப் கேட்டு ஜாகிர் பாய் உள்ளே வந்தார். தனக்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மார்க்கெட்டாண்ட ஸ்டூடியோ வச்சிருந்த பாய்தான? எந்தம்பி ராஜா கல்யாணத்துக்கு நீங்கதான படம் புடிச்சீங்க? அப்ப தாடி கருப்பா இருந்துச்சி."

"பிள்ளைச்சாவடி கல்யாணமா? புடிச்சிருப்பேன்," என்றார் பாய்.

"கட இல்லன்னதும் நீங்க ஊர வுட்டே போய்ட்டீங்கன்னு நெனச்சேன். சுனாமிக்கு முந்துன வருசம் நடந்த கல்யாணம் அது. ஆல்பமும் கடலோட போச்சி. அந்த ஃபிலிமு இருக்குமா பாய்? அதுல எம் பொண்ணு இருப்பா."

"எங்க அத்தா எதையும் தூக்கிப் போட மாட்டாரும்மா," என்று பாய் நெஞ்சை நிமிர்த்தினார். டின்னைத் தேடி எடுத்ததும் உண்மை. அன்றைக்கு அந்த அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நானே பாய்க்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு ஸ்கேனர் ஓடும் சத்தம் கேட்டது. சீக்கிரமே நின்றும்விட்டது. நான் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை, பெண், சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஓரத்தில் யாரோ ஒருத்தியின் முந்தானையைப் பிடித்தபடி பச்சைக் கவுனில் ஒரு குழந்தை.

"பச்ச கவுனு! அவதான்!" என்று தனக்கொடி கத்தியேவிட்டார்.

அந்தச் சின்ன நெகட்டிவில் அவ்வளவு பேர் நிற்கும்போது ஒரு குழந்தையின் முகம் கேழ்வரகு அளவுகூட இருக்காது. பாய் அதைப் பெரிதாக்கப் பெரிதாக்க, கண் எது மூக்கு எது என்று தெரியாமல் கட்டங்கள்தான் வந்தன. "நெகட்டிவ் பழசாயிடுச்சிம்மா, அப்படித்தான் இருக்கும். நாளைக்கு வாங்க, தெளிவாக்கி வைக்கறேன்," என்றார். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வந்தபோது படம் தயாராக இருந்தது. பெரிய கண், எடுப்பான மூக்கு, வழவழவென்று கன்னம், பூ மாதிரி ஒரு பிள்ளை. பேனருக்கான ஃபைலை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த அம்மா கையில் கொடுக்கச் சின்னதாக ஒரு பிரிண்டும் பாய் போட்டிருந்தார். தனக்கொடி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். வெளிச்சத்தில் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது வாணியா பாய்?"

"பச்ச கவுனுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"கவுனு அவளுதுதான். மோவாய்ல தழும்பு இருக்குமே. படகு வெளிம்புல இடிச்சி, தையல் போட்டுக்கினு வந்தமே."

"ஸ்கேன்ல தழும்பு எதுவும் இல்லம்மா. மனுச மனசுதான் மறக்கும், படம் மறக்காது."

எவ்வளவு கம்பீரமாகச் சொன்னார் தெரியுமா! தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டார். "இருவது வருசத்துக்கு மேல ஆச்சில்ல. நாந்தான் மறந்துட்டேன் போல," என்று மெதுவாகச் சொல்லி, படத்தைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கூடையை எடுக்காமலே ரோட்டைத் தாண்டிவிட்டார். நான் கூப்பிட்ட பிறகு திரும்பி வந்து எடுத்துப் போனார்.

விளக்கை எடுத்துவிட்டு அந்த முகத்தை வைத்து பேனரை அடித்துக் கொடுத்தேன். நல்ல காரியம் நடந்துவிட்டது என்றுதான் இருந்தேன்.

சுனாமி நாளுக்கு முந்தின நாள் காலையில் பாய் தடுப்பைத் தட்டினார். "லதா, ஓடியா, ஒண்ணு காட்டறேன்!" சொல்தா வீட்டு விக்ரம் கொண்டுவந்த நெகட்டிவை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். அதற்கு என்ன எண் என்று சொல்லவே வேண்டாம். ஏதோ ஒரு பழைய காலத்துக் கல்யாணம், அதே மாதிரி கூட்டம். "பின்னால சாம்பார் வாளியோட ஒருத்தன் நிக்கிறான் பாரு. அவன் சட்டையில ஒரு பட்டன் பிஞ்சி தொங்குது, அதுகூடத் தெரியுது!"

தெரிந்தது. நூல்கூடத் தெரிந்தது. எனக்குச் சுரீரென்றது.

"ஏன் பாய், இது உங்க வாணி படத்தவிட ரொம்ப பழசு. சாம்பார் ஊத்தறவன் பட்டன் தெரியுது. அந்தப் புள்ள தழும்பு ஏன் தெரியல?"

பாய் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"அறுநூறா?" என்றேன்.

தலையாட்டினார். பிறகு அவராகவே சொன்னார். "முழுசா கலஞ்சி வந்துச்சி. போன்ல ஒரு ஆப் இருக்கு, மூஞ்சிய தெளிவாக்கித் தரும். அதுல போட்டேன்."

"தெளிவாக்குச்சா, புதுசா வரஞ்சிச்சா?"

"வரஞ்சிதான் இருக்கும்."

"அப்ப பேனர்ல இருக்கறது யாரு?"

"யாருமில்ல."

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. பாய் பிள்ளைச்சாவடி டின்னை எடுத்து, அந்த நெகட்டிவைத் தூசி போக ஊதி, ஸ்கேனரில் வைத்தார். நாலாயிரத்து எண்ணூறு. கோடு ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. இரண்டு பேரும் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவரைக் கையசைத்தே போகச் சொல்லிவிட்டார்.

ஸ்க்ரீனில் பச்சைக் கவுனைத் தேடிப் பிடித்து, அதற்கு மேலே இருந்த முகத்தைப் பெரிதாக்கினார். ஒரு பெண் குழந்தை நம்மைப் பார்த்து முழித்தாள். ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு ஒரு கண் பாதி மூடியிருந்தது. மூக்கு சப்பை. வலது கன்னம் உப்பியிருந்தது, வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு மாட்டிக்கொண்ட முகம். ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. மோவாயில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தையல் போட்ட புள்ளிகள்.

"இதுலயே இருந்திருக்கு லதா," என்று பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எங்க அத்தா இத்தன வருஷம் பத்திரமா வச்சிருந்தாரு. நான் அந்தம்மாவப் பாத்து, நீங்கதான் மறந்துட்டீங்கன்னு சொல்லிட்டேன்."

வெட்கத்தில் அவர் காதெல்லாம் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வேறு குரலில் சொன்னார்: "புதுசா ஒரு முகம் அடிச்சிக் குடேன். இருட்டினதும் போய் அதும்மேல ஒட்டிட்டு வந்துடறேன். யாருக்கும் சொல்ல வேணாம். காலைல பாத்தா தானா சரியா இருக்கும்."

"ஒட்டுங்க. அந்தம்மா சுருக்குப்பையில ஒண்ணு இருக்கே, அத எப்படி மாத்துவீங்க?"

பாய் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். பேனர் கட்டத்தின் அளவுக்கு ஒரு ஸ்டிக்கரும், கையில் கொடுக்க ஒரு படமும் பிரிண்ட் எடுத்தேன். இரண்டு பேரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். கோட்டக்குப்பம் தாண்டிப் பிள்ளைச்சாவடிக்குப் போனோம்.

கடற்கரைக்கு இறங்குகிற வழியில் பேனரைக் கட்டியிருந்தார்கள். நடுவில் அந்தப் பொய்ப் பிள்ளை பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி ஊன்றுகோலோடு வந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், அந்தப் புள்ள படம் என்னமா வந்திருக்கு! ஊரே நின்னு பாக்குது. எத்தன அழகான புள்ளய அடிச்சிக்கினு போச்சி பாருங்கன்னு பொம்பளைங்க அழுவுறாளுங்க. தனக்கொடிதான் இன்னும் வந்து பாக்கல. மனசு தாங்காதுன்னு நாங்களும் வுட்டுட்டோம்."

பாய் அந்தக் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார். அவரைப் பார்க்கவே எனக்குப் பாவமாகிவிட்டது. ஆனாலும் திரும்பிப் போகலாம் என்று நான் சொல்லவில்லை.

தனக்கொடி வீட்டுப் பின்பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார், உட்காரச் சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டார். பாய் உட்காரவில்லை. உறையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார்.

தனக்கொடி வாங்கினார். இந்தத் தடவை வெளிச்சத்தில் பார்க்கவில்லை, தள்ளிப் பிடிக்கவில்லை. வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"லட்டு," என்றார். "பந்திக்கு முன்னாடி லட்ட எடுத்து வாயில அடக்கிக்கினா. நான் முதுவுல ஒண்ணு வச்சேன். ஐயோ, அந்த முழி. அந்த முழி." ஈரக் கட்டைவிரலால் படத்தின் மோவாயைத் தடவினார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழுது ஓய்ந்ததும் தனக்கொடி சொன்னார்: "அந்தப் படத்த வாங்கினு வந்த நாள்லருந்து எனக்குத் தூக்கம் இல்ல. வெச்சி வெச்சி பாக்கறேன், எம் பொண்ணுன்னு வர மாட்டேங்குது. அக்கம்பக்கத்துல எல்லாரும் வாணிதான்றாங்க. பெத்தவளுக்கு மட்டும் மொகம் தெரியல. இத யாருகிட்ட போயி சொல்லுவேன்? வெக்கமா இருந்துச்சி. கடக்கரைக்கு வந்தா எல்லாரும் கேப்பாங்களேன்னு போவல. அவ மொகத்தயே மறந்துட்டு இத்தினி வருசம் அவளுக்காக அழுதன்னு சொல்லிக்கினு இருந்தனான்னு நெனச்சிக்கினேன்."

பாய் சுவர்ப் பக்கமிருந்து திரும்பினார்.

"நீங்க மறக்கலக்கா. தழும்பு ஃபிலிம்லயே இருந்துச்சி. நாந்தான் சின்ன எண்ணு வச்சி ஏனோதானோன்னு போட்டேன். மொகம் வரலன்னதும் மிஷின விட்டு வேற மொகத்த வரைய வச்சேன். வரைஞ்சத காட்டி, நீங்க மறந்துட்டீங்கன்னும் சொன்னேன்."

எனக்குத் தெரிந்து அவர் தன் வாடிக்கையாளர் யாரையும் அதுவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

தனக்கொடிக்கு மிஷின், எண் எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். "பெருசா போட்டிருந்தா அன்னிக்கே வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"அப்ப ஏன் பாய் சின்னதா போட்ட?"

அவர் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்வார் என்று நினைத்தேன். கரண்ட் இல்லை, மிஷின் ரிப்பேர், எதையாவது. சொல்லத் தெரியாதவரா அவர்?

"வாசல்ல உங்க கூடைய பாத்தேன்," என்றார். "அதான்."

தனக்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். பாய் அதற்காகவே நின்றது போல நின்றார். தனக்கொடி திட்டவில்லை. மீன் ஆய்கிற கத்தியைக் கழுவி எடுத்துக்கொண்டு, "வாங்க," என்று முன்னால் நடந்தார்.

பேனரின் முன் நின்று, அந்தப் பொய் முகத்தைச் சுற்றி நாலு பக்கமும் கத்தியால் நேராகக் கோடு போட்டு வெட்டி எடுத்தார். ஊர்க்காரர்கள் ஓடிவந்து என்ன என்னவென்று கேட்டார்கள். "இது வாணி இல்ல, இதுதான் வாணி," என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். நான் பின்னால் அட்டை கொடுத்து உண்மையான முகத்தை ஒட்டினேன். கன்னத்தில் லட்டோடு அந்தப் பிள்ளை முழித்தது. பார்த்ததும் ஒரு கிழவர், "அட, நம்ம வாணி," என்று சிரித்துவிட்டு, பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முந்தின படத்தைப் பார்த்து அழுதார்களே, அவர்களில் ஒருவரும் இப்படிச் சிரிக்கவில்லை.

வெட்டி எடுத்த முகம் தனக்கொடி கையில் இருந்தது. அவர் அதைக் கசக்கவில்லை. மணலைத் தட்டிவிட்டு, முகம் மடங்காமல் ஓரங்களை மட்டும் மடித்தார். சுருக்குப்பையில் இருந்த சின்னப் படத்தையும் எடுத்து அதற்குள் வைத்தார்.

"இது யாரு பெத்த புள்ள பாய்?"

"யாரு புள்ளயும் இல்லக்கா. மிஷினு வரைஞ்சது."

"புள்ள மூஞ்சா இருக்குதே. கடல்ல போட மனசு வரல எனக்கு. வூட்லயும் வச்சிக்க முடியாது." இரண்டையும் அவரிடம் நீட்டினார். "நீ கொண்டாந்த புள்ள. நீயே வச்சிக்க."

ஜாகிர் பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அது இப்போது அவருடைய ஸ்கேனர் மேசை டிராயரில் இருக்கிறது. தூக்கிப் போடும்படி தஹ்ஸீன் சொல்லிப் பார்த்தார், அவரால் முடியவில்லை. ஆள் திருந்திவிட்டார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். நெகட்டிவ் கொண்டு யாராவது வந்தால் இன்னமும் அவர் கண் முதலில் அவர்கள் காலுக்குத்தான் போகிறது. காலைப் பார்த்த கையோடு டிராயரை இழுத்துப் பார்த்துவிட்டு மூடுகிறார். அந்தச் சத்தம் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். பிறகு ஸ்கேனர் ஓடத் தொடங்கும், வெகுநேரம் ஓடும்.